சராசரிக்குள் யார்? அமெரிக்க மாநிலங்களும் கறுப்பின மக்களின் வாழ்வும்



இந்த மேடை யாருடைய நினைவாக அமைந்ததோ அவரைப் பற்றித் தோழர்கள் முன்னதாகவே விரிவாகப் பேசிவிட்டார்கள். நாம் நேராகப் பொருளுக்கு வந்துவிடலாம். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களில் எங்கே பிறந்தால் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கலாம், எவ்வளவு கூலி கிடைக்கும், நோய் வந்தால் யார் பார்ப்பார்கள், இவற்றையெல்லாம் நிறம் எப்படித் தீர்மானிக்கிறது என்பதுதான் இன்றைய பொருள். தூரத்து ஊர்க் கதை நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் இயக்கங்களின் பெயரில் இருக்கிற சிறுத்தை எந்த ஊரில் பிறந்தது என்பதும் இந்தக் கதைக்குள் வருகிறது.

அமெரிக்கப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் 'வாழச் சிறந்த மாநிலங்கள்' என்று பட்டியல் போடுகின்றன. யார் போட்டாலும் பெரும்பாலும் மேலே மினசோட்டா, வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற பெயர்கள் இருக்கும். அடியில் மிசிசிப்பி, அலபாமா, லூசியானா இருக்கும். சராசரி ஆயுளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2021ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி ஹவாயில் பிறக்கும் குழந்தை 79.9 ஆண்டு வாழும் என்று எதிர்பார்க்கலாம், மிசிசிப்பியில் 70.9 ஆண்டு. ஒரே கொடி, ஒரே டாலர், ஒரே ராணுவம்; ஆயுளில் மட்டும் ஒன்பது ஆண்டு வித்தியாசம்.

மிசிசிப்பியின் மக்களில் நூற்றுக்கு 37, 38 பேர் கறுப்பர். வேறெந்த மாநிலத்திலும் இந்த அளவு கிடையாது. வெர்மான்ட்டோ நாட்டிலேயே வெள்ளையர் விகிதம் மிக அதிகமான மாநிலங்களில் ஒன்று. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்ததும் ஒரு விளக்கம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது: கறுப்பர் அதிகம் இருப்பதால் சராசரி இறங்குகிறது, அவர்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் தெற்கு மாநிலங்களும் நன்றாகத்தான் இருக்கும். படித்தவர்கள் இதை இத்தனை பச்சையாகச் சொல்வதில்லை. 'மக்கள்தொகை அமைப்பு' என்று ஒரு சொல்லைப் போட்டுக் கடந்துவிடுகிறார்கள். நம்மைக் காரணமாக்கும் சொற்கள் எப்போதும் இப்படி நாகரிகமாகத்தான் வரும்.

இது புதிய சரக்கு அல்ல. 1896இல் பிரெடெரிக் ஹாஃப்மன் என்கிற ஆயுள் காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளர் ஒரு பெரிய நூலை எழுதினார். கறுப்பர்களின் இறப்பு விகிதம் அதிகமாக இருப்பதற்கு அவர்களின் இனத் தன்மையே காரணம், வாழும் நிலைமை அல்ல என்பது அவர் வாதம். கறுப்பர்களுக்குக் காப்பீடு மறுத்தவர்களுக்கு அந்த நூல் வசதியான சான்றிதழாயிற்று. அப்போது இருபதுகளின் கடைசியில் இருந்த டுபாய்ஸ் அதற்கு மறுப்பு எழுதினார். ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் வெள்ளையர்களும் இதே அளவில், இதைவிட அதிகமாகவும் சாகிறார்களே, அதற்கு எந்த இனத்தன்மை காரணம் என்று கேட்டார். பிறகு பிலடெல்பியாவின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்து 1899இல் ஒரு நூலாகவே கொடுத்தார். புள்ளிவிவரத்தைப் புள்ளிவிவரத்தால் அடித்த முதல் ஆட்களில் அவர் ஒருவர். மாணவர்கள் இந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே கேள்வியை இன்று நாம் கேட்போம். மிசிசிப்பிக்கு அடுத்தபடியாக ஆயுள் குறைந்த மாநிலம் எது? மேற்கு வர்ஜீனியா. 2020இலும் 2021இலும் கடைசிக்கு முந்தின இடம் அதற்குத்தான். அங்கே பத்தில் ஒன்பது பேர் வெள்ளையர். நிலக்கரிக் கம்பெனிகள் தோண்டி எடுத்துவிட்டுப் போன மலைப்பகுதி. இருமலும் வேலையின்மையும் மிச்சம். வலி மாத்திரை வியாபாரம் அதன் மேல் வந்து இறங்கியது. போதை மருந்து மிகையாகிச் சாவோர் விகிதத்தில் நாட்டிலேயே முன்னிற்கும் மாநிலம் அது.

இன்னொரு பக்கம் மேரிலாந்து. அங்கே மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கறுப்பர். அடிமை முறை இருந்த மாநிலமும்கூட. ஆனால் குடும்ப வருமானத்தில் நாட்டின் உச்சியில் உள்ள மாநிலங்களில் அது ஒன்று. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய மாநிலம். கூட்டாட்சி அரசின் வேலைகளில் பாகுபாடு சட்டப்படி தடுக்கப்பட்டபோது கறுப்பர்கள் அந்த வேலைகளுக்குள் போனார்கள். அங்குள்ள பிரின்ஸ் ஜார்ஜஸ் என்கிற கவுண்டியில் கறுப்பர்தான் பெரும்பான்மை, அவர்களில் பெரும் பகுதி நடுத்தர வர்க்கம். கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பகுதி. அரசு வேலை ஒரு சமூகத்தின் ஆயுளை எப்படி நீட்டுகிறது என்பதை இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆக, எத்தனை கறுப்பர் இருக்கிறார்கள் என்கிற எண்ணிக்கை எதையும் தீர்மானிப்பதில்லை.

சரி, பட்டியலின் உச்சியில் இருக்கிற மாநிலங்களுக்கு வருவோம். மினசோட்டா ஆயுளில் முன்வரிசை, படிப்பில் முன்வரிசை. அங்கே வெள்ளைக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்குச் சொந்த வீடு இருக்கிறது. கறுப்புக் குடும்பங்களில் சுமார் மூன்றில் ஒன்றுக்குத்தான். இது தானாக நடந்ததல்ல. மினியாபொலிஸ் நகரில் 1910 முதலே வீட்டுப் பத்திரங்களில், இந்த வீட்டைக் கறுப்பருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது என்று எழுதிப் பதிவு செய்தார்கள். ஆயிரக்கணக்கான அப்படிப்பட்ட பத்திரங்களை மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகத் தேடி வரைபடமாக்கியிருக்கிறார்கள். பக்கத்து நகரமான செயின்ட் பாலில் ராண்டோ என்றொரு கறுப்பர் பகுதி இருந்தது. கடை, தேவாலயம், சொந்த வீடு என்று நிமிர்ந்து நின்ற பகுதி. 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் தேசிய நெடுஞ்சாலையை அதன் நடு வயிற்றின் வழியாகப் போட்டார்கள். 2020 மே 25 அன்று ஜார்ஜ் பிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரர் முழங்கால் வைத்தது இந்தச் 'சிறந்த மாநிலத்தில்'தான்.

அண்டை மாநிலமான விஸ்கான்சினிலும் இதே கதை. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வுப்படி அங்கே வயதுவந்த கறுப்பர்களில் 36 பேருக்கு ஒருவர் சிறையில் இருந்தார். எந்த மாநிலத்தையும்விட இது அதிகம். மிசிசிப்பியைவிட அதிகம் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கறுப்பர்கள் அங்கே மிகச் சிறுபான்மை என்பதால் அவர்களின் துயரம் மாநிலத்தின் சராசரியை அசைப்பதே இல்லை. பட்டியலில் விஸ்கான்சின் பாதுகாப்பாக இருக்கிறது.

தெற்கு டகோட்டா இன்னும் கொடுமை. மாநிலத்தின் சராசரி ஆயுள் தேசிய சராசரியை ஒட்டியே வரும். ஆனால் பைன் ரிட்ஜ் பழங்குடி ஒதுக்கிடம் அடங்கிய ஓக்லாலா லகோட்டா கவுண்டியில் 2014இல் சராசரி ஆயுள் 66.8 ஆண்டு, நாட்டின் எல்லாக் கவுண்டிகளிலும் குறைவு. அதே ஆண்டு கொலராடோவின் சம்மிட் கவுண்டியில், பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பணக்காரர்கள் போகும் மலைப்பகுதியில், 86.8. துல்லியமாக இருபது ஆண்டு.

நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தாலும், 2021இல் வெள்ளையரின் ஆயுள் 76ஐத் தாண்டி நிற்க, கறுப்பருக்கு 71ஐ ஒட்டி, பூர்வகுடியினருக்கு 65ஐ ஒட்டி நின்றது. அதே ஆண்டில் லட்சம் பிரசவத்துக்கு இறந்த தாய்மார், வெள்ளையரில் 26.6, கறுப்பரில் 69.9. 2022இல் நடுநிலை வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். கறுப்புக் குடும்பத்தின் சொத்து 45,000 டாலரைக்கூட முழுதாக எட்டவில்லை.

இந்த இடைவெளியை உண்டாக்கும் கருவி எது என்று கேட்டால், நம் பதில்: மாநில அதிகாரம். மாநில உரிமை என்ற சொல் நமக்கு இனிமையாகக் கேட்கும். தில்லியின் ஆதிக்கத்துக்கு எதிராக நாம் பயன்படுத்தும் சொல் அது. அமெரிக்கத் தெற்கில் அந்தச் சொல்லுக்கு வேறு வரலாறு இருக்கிறது. அடிமைகளை வைத்திருக்கும் உரிமையை அங்கே மாநில உரிமை என்றார்கள்; அடிமை முறை ஒழிந்த பிறகு, கறுப்பருக்கு வாக்கை மறுக்கும் உரிமையை அப்படிச் சொன்னார்கள். அதிகாரம் தலைநகரில் இருப்பது நல்லதா மாநிலத்தில் இருப்பது நல்லதா என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. மாநிலத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஊராட்சிக்கு அதிகாரம் கொடு என்று காந்தியர்கள் கேட்டபோது அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் ஏன் கொதித்தார் என்பது நினைவுக்கு வரும்.

1935இல் ரூஸ்வெல்ட் அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. முதியோர் ஓய்வூதியம், வேலையிழந்தோர் நிவாரணம் எல்லாம் அதில்தான் தொடங்கின. விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்வோரும் சேர்க்கப்படவில்லை. கறுப்பர் என்ற சொல் சட்டத்தில் எங்கும் இல்லை. தேவையும் இல்லை. கறுப்பினத் தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். இந்த விடுபடல் சரியாகத் தொடங்கப் பதினைந்து ஆண்டு ஆனது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு வீடு, தொழில், பண்ணைக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தந்தது. 1947இல் மிசிசிப்பியின் 13 ஊர்களில் 'எபனி' பத்திரிகை கணக்கெடுத்தது. 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு. நூற்றுக்கு இரண்டு என்று தவறாகக் கேட்டுவிட வேண்டாம். மொத்தமே இரண்டு.

பழைய கதை என்று தோன்றினால் புதியதைப் பார்ப்போம். மெடிக்கெய்ட் என்பது ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. 2010இல் ஒபாமா காலத்துச் சட்டம் அதை மேலும் பல ஏழைகளுக்கு விரிவாக்கியது. கூடுதல் செலவில் நூற்றுக்குத் தொண்ணூறை வாஷிங்டனே தரும். 2012இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம் என்றது. 2024 முடியும்போதும் பத்து மாநிலங்கள் ஏற்கவில்லை. அவற்றில் ஏழு, அடிமை முறையைக் காக்க 1860-61இல் பிரிந்துபோய்ப் போரிட்ட பதினொரு மாநிலங்களைச் சேர்ந்தவை: மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, தெற்கு கரோலினா, டென்னசி, புளோரிடா, டெக்சாஸ். மிசிசிப்பியில் பிள்ளைகள் இல்லாத, ஊனமில்லாத, நடுவயது ஏழைக்கு எவ்வளவு வறுமையிலும் இந்தக் காப்பீடு கிடைக்காது.

கூலியும் அப்படியே. கூட்டாட்சி அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலரில் நிற்கிறது. பெரும்பாலான மாநிலங்கள் தங்கள் சட்டத்தால் அதற்கு மேல் கொடுக்கின்றன. தமக்கென்று குறைந்தபட்சக் கூலிச் சட்டமே இல்லாத மாநிலங்கள் ஐந்து: அலபாமா, லூசியானா, மிசிசிப்பி, தெற்கு கரோலினா, டென்னசி. 2016 பிப்ரவரியில் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகர மன்றம் கூலியை 10.10 டாலராக உயர்த்தியது. நகர மக்களில் பத்துக்கு ஏழு பேர் கறுப்பர். அதே வாரத்தில், வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த மாநிலச் சட்டமன்றம், எந்த நகரமும் தானாகக் கூலியை உயர்த்தக் கூடாது என்று சட்டம் போட்டு அதைச் செல்லாமலாக்கிவிட்டது. அந்த உயர்வு நின்றிருந்தால் பர்மிங்ஹாமின் வெள்ளைக் கூலிக்காரருக்கும் அதே 10.10 கிடைத்திருக்கும்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அலபாமாவின் தலைநகர் மாண்ட்கமரியில் ஓக் பார்க் என்று பெரிய பூங்கா இருந்தது. நீச்சல் குளம், சிறு விலங்குக் காட்சிசாலை எல்லாம் உண்டு. வெள்ளையருக்கு மட்டும். வரி மட்டும் எல்லோரும் கட்டினார்கள். கறுப்பர்கள் வழக்குப் போட்டார்கள். சேர்த்துக்கொள்ள வேண்டி வரும் என்று தெரிந்ததும் நகராட்சி 1959இன் முதல் நாளோடு ஊரின் பூங்காக்கள் அத்தனையையும் மூடியது. குளத்தை மண் கொட்டி மூடினார்கள். விலங்குகளைக்கூட அப்புறப்படுத்தினார்கள். பூங்காக்கள் திரும்பத் திறக்க 1965 ஆயிற்று. குளம் திரும்ப வரவே இல்லை. வெயில் காலத்தில் வெள்ளைக் குழந்தைகளுக்கும் குளம் இல்லை. பொதுக் கிணற்றில் சேரி மக்கள் இறங்கினால் அந்தக் கிணற்றையே பாழாக்கிய ஊர்களை அறிந்த நமக்கு இது புரியாமல் போகாது.

தெற்கு மாநிலங்களின் தாழ்ந்த சராசரிக்குள் இந்த மண்ணும் கலந்திருக்கிறது. கறுப்பருக்குப் போய்ச் சேரும் என்பதற்காகவே பொதுவானதைச் சிறுக்க வைத்தார்கள். பள்ளி, மருத்துவமனை, கூலி, காப்பீடு எல்லாம் சிறுத்தன. ஏழை வெள்ளையரும் அந்தச் சிறுத்ததைத்தான் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு டுபாய்ஸ் 1935இலேயே பதில் சொல்லிவிட்டார். கைக்கு வரும் கூலி குறைந்தாலும், வெள்ளையன் என்ற மரியாதை ஒரு கூலியாக அவர்களுக்குக் கிடைத்தது என்றார். மீசையை முறுக்கிக்கொண்டு பட்டினி கிடக்கும் சாதிக்காரர்களை நாம் பார்த்திருக்கிறோம். மேற்கு வர்ஜீனியாவை இந்த ஒரு விளக்கத்தில் அடைத்துவிட முடியாது. அந்த மாநிலம் 2014இலேயே மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை ஏற்றுக்கொண்டது. அங்கே நிலக்கரி முதலாளிகளின் கணக்கைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இடையில் நம் நாட்டுக்காரர்களைப் பற்றி ஒரு சொல். இன்று அமெரிக்காவில் சராசரிக் குடும்ப வருமானம் மிக உயர்ந்த குழுக்களில் இந்தியர் முதலிடத்தில் இருப்பவர்கள். உழைப்பு, பண்பாடு, குடும்ப ஒழுக்கம் என்று அதற்கு அவர்களே விளக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். படித்தவர்களாகப் பார்த்து விசா கொடுத்தால் சராசரி உயரத்தான் செய்யும். இனப் பாகுபாட்டை நீக்கிக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பர்கள் அடிபட்டும் உயிர்விட்டும் நடத்திய சிவில் உரிமைப் போராட்டத்தின் காற்றில் வந்த சட்டம். அதற்கு முன் நம்மவர் வேறு கதவைத் தட்டிப் பார்த்தார்கள். 1923இல் பகத் சிங் திந்த் என்பவர் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். தாம் உயர்சாதி, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையர் என்பது அவர் தரப்பு வாதம். இந்தியாவின் பூர்வகுடிகளை உயர்சாதியார் எப்படி விலக்கி வைக்கிறார்களோ, அது அமெரிக்கர் கறுப்பரை விலக்குவது போன்றது என்றுகூட வாதிட்டார்கள். நீதிமன்றம் நீ வெள்ளையன் இல்லை என்று அனுப்பிவிட்டது. நூறாண்டு கழித்து, 2023இல், சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் மசோதா கலிபோர்னியாவில் இரு அவைகளிலும் நிறைவேறி ஆளுநரின் மேசையில் செத்தது. அங்கேயும் நம் மக்களின் வாழ்வு ஒரு மாநிலக் கையெழுத்தில் நின்றது.

இனி அந்தச் சிறுத்தை பிறந்த ஊர். அலபாமாவில் செல்மாவுக்கும் மாண்ட்கமரிக்கும் நடுவே லவுண்ட்ஸ் என்றொரு கவுண்டி இருக்கிறது. பிசுபிசுப்பான கரிய களிமண் பூமி. பருத்திக்காக அடிமைகளைக் கொண்டுவந்து கொட்டிய பகுதி. 1965 தொடக்கத்தில் மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பர். பதிவான கறுப்பின வாக்காளர் ஒருவர்கூட இல்லை. மார்ட்டின் லூதர் கிங்கின் புகழ்பெற்ற ஊர்வலம் அந்த வழியாகத்தான் நடந்து போனது. ஊர்வலம் போன பிறகு மாணவர் அமைப்பைச் சேர்ந்த ஸ்டோக்லி கார்மைக்கேலும் தோழர்களும் அங்கேயே தங்கி வேலை செய்தார்கள். வாக்காளராகப் பதிவு செய்த குடும்பங்களை, வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த நிலத்தைவிட்டும் குடிசையைவிட்டும் பண்ணையார்கள் துரத்தினார்கள். துரத்தப்பட்டவர்கள் 1965 டிசம்பர் குளிரில் நெடுஞ்சாலை ஓரமாகக் கூடாரம் போட்டுக் குடியிருந்தார்கள். பதிவை வாபஸ் வாங்கவில்லை.

படிக்கத் தெரியாதவர்களுக்காக அலபாமாவில் ஒவ்வொரு கட்சிக்கும் சின்னம் வேண்டும். அங்கே ஆண்ட கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். அதன் மேல் 'வெள்ளையர் மேலாண்மை' என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. லவுண்ட்ஸ் மக்கள் தங்களுக்கென்று ஒரு கட்சி தொடங்கிக் கருஞ்சிறுத்தையைச் சின்னமாக எடுத்தார்கள். 1966 நவம்பர் தேர்தலில் தோற்றார்கள். அந்தச் சின்னத்தை அதே ஆண்டு கலிபோர்னியாவின் ஓக்லாந்து இளைஞர்கள் எடுத்துக்கொண்டு கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். அவர்களைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ். பிறகு நம் ஊர். கட்சியைத் தொடங்கிய உள்ளூர்க்காரர்களில் ஒருவரான ஜான் ஹியூலட் 1970இல் அதே கவுண்டியின் ஷெரிப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

வாக்கு வந்தது, ஷெரிப் வந்தார், சாக்கடை வரவில்லை. அந்தக் களிமண்ணில் தண்ணீர் இறங்காது. சாதாரண செப்டிக் டேங்க் வேலைக்கு ஆகாது. தனியாக வடிவமைத்தது வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கான டாலர் பிடிக்கும். பல வீடுகளில் ஒரு குழாயைப் போட்டு மலக்கழிவை வீட்டுக்குப் பின்னால் திறந்தவெளியில் விடுகிறார்கள். மழை பெய்தால் அது வீட்டுக்குள் திரும்பி வருகிறது. மாநில அரசு என்ன செய்தது? கழிவகற்று அமைப்பு வைக்காதது குற்றம் என்று ஏழைகள் மேல் வழக்குப் போட்டது. அந்த மண்ணில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் பிளவர்ஸ் என்கிற பெண்மணி இருபது ஆண்டுக்கு மேலாக இதை எடுத்துப் போராடுகிறார். 2017இல் வெளியான ஆய்வொன்றில் அங்கே 55 பேரைச் சோதித்ததில் 19 பேருக்குக் கொக்கிப்புழுத் தொற்றின் தடயம் இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் உலகின் மிகப் பணக்கார நாட்டில் ஒழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட நோய் அது. அந்த ஆண்டு டிசம்பரில் ஐ.நா.வின் வறுமை பற்றிய சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

2021 நவம்பரில் அமெரிக்க நீதித் துறை, 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின்படி, அலபாமா சுகாதாரத் துறைமீது விசாரணை தொடங்கியது. கறுப்பர் என்பதால் இவர்களின் சுகாதாரம் புறக்கணிக்கப்பட்டதா என்பதே கேள்வி. 2023 மே மாதம் உடன்பாடு ஏற்பட்டது: வழக்குப் போடுவதை நிறுத்த வேண்டும், எந்த வீட்டுக்கு எது தேவை என்று கணக்கெடுக்க வேண்டும், கழிவகற்றும் திட்டம் வகுக்க வேண்டும். சில வீடுகளில் வேலையும் தொடங்கியது.

2025 ஏப்ரலில் டிரம்ப் அரசின் நீதித் துறை இந்த உடன்பாட்டை ரத்து செய்தது. இனத்தைக் கணக்கில் எடுக்கும் இத்தகைய திட்டங்கள் இனி கிடையாது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஏற்கெனவே ஒதுக்கிய பணம் இருக்கும்வரை டேங்க் வைக்கும் வேலை நடக்கும் என்று மாநிலச் சுகாதாரத் துறை சொல்லியிருக்கிறது.